முதல் காலுறை பின்னப் போகிறீர்களா? ஊசி வாங்குவதிலிருந்து உலர்த்துவது வரை

கம்பளிக் காலுறை நம் ஊரில் யாருக்கு வேண்டும் என்று கேட்பவர்கள், மார்கழியில் ஊட்டியிலோ கொடைக்கானலிலோ ஒரு ராத்திரி தங்கிப் பார்க்கலாம். நாள் முழுக்க ஏசியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள், கால் சில்லிட்டுப்போய்த் தூக்கம் வராத பெரியவர்கள், டொராண்டோவிலும் லண்டனிலும் பேரக் குழந்தைகளை வைத்திருப்பவர்கள் என்று ஆள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஸ்வெட்டரே பின்னி முடித்த கைகள்கூடக் காலுறை என்றதும் தயங்குவது குதிகாலை நினைத்துத்தான். அந்தப் பயம் தேவையில்லாதது. குதிகால் வெறும் கணக்கு. சொன்னபடி எண்ணினால் தானாகத் திரும்பிவிடும். காலுறை கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டே காரணத்தால்: மேல் விளிம்பை இறுக்கிப் போடுவது, காலை அளக்காமலே ஆரம்பிப்பது. நிட், பர்ல் இரண்டும் ஓரளவு கைக்கு வந்தவர்களுக்கு இந்தக் குறிப்புகள்.

1. முதல் ஜோடிக்கு மெல்லிய நூல் வேண்டாம். காலுறைக்கென்றே விற்கும் நூல் மிக மெல்லியது. 100 கிராமில் ஏறக்குறைய 400 மீட்டர் இருக்கும். அதில் பின்னினால் ஒரு சுற்றுக்கு 64 கண்ணி வரை போட வேண்டும். பாதி வழியிலேயே அலுத்துவிடும். டிகே என்று லேபிளில் போட்டிருக்கும் நடுத்தரத் தடிமன் நூலை எடுங்கள். 48 கண்ணியில் பெரியவர்கள் காலுறை முடிந்துவிடும். கண்ணியும் பெரிதாக, கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். சாதாரண அளவுப் பாதத்துக்கு ஒரு ஜோடிக்கு 100 கிராம் ஏறக்குறையப் போதும். 150 கிராம் வாங்கிக்கொள்வது நல்லது. மிச்சம் வீணாகாது, பின்னால் ஓட்டை அடைக்க உதவும்.

2. கடையில் 'உல்லன்' என்று கேட்டால் தருவது பெரும்பாலும் அக்ரிலிக். பழகுவதற்கு அதுவே போதும், விலையும் குறைவு. ஆனால் வியர்வையை உறிஞ்சாது. நாளடைவில் தொளதொளத்துப் போகும். பருத்தி நூல் வியர்வையை உறிஞ்சும், ஆனால் இழுத்தால் திரும்பிச் சுருங்காது. காலையில் போட்ட காலுறை மதியத்துக்குள் கணுக்காலில் வந்து உட்கார்ந்துவிடும். காலில் ஒட்டி நிற்கவும் கதகதப்பாக இருக்கவும் கம்பளிதான் சரி. அதிலும் முக்கால் பங்கு கம்பளி, கால் பங்கு நைலான் கலந்த நூல் காலுறைக்கு மிக ஏற்றது. நைலான் இல்லாவிட்டால் குதிகாலும் கட்டைவிரல் இடமும் சீக்கிரம் தேய்ந்துவிடும். மெரினோ மட்டும் உள்ள நூல் தொட்டால் வெண்ணெய் போல இருக்கும். அதில் கழுத்துத் துணி பின்னுங்கள், காலுக்கு உழைக்காது.

3. லேபிள் இல்லாத நூல் கம்பளிதானா என்று சந்தேகமா? ஒரு சிறு துண்டை இடுக்கியில் பிடித்து, சிங்க்குக்கு மேலே நெருப்பில் காட்டுங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாடை வரும், நெருப்பை எடுத்ததும் தானே அணையும், சாம்பலை நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டி, கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும். உருகியதைச் சூட்டோடு விரலால் தொட்டுவிடாதீர்கள்.

4. கறுப்பு, கருநீலம், பல வண்ணக் கலவை மூன்றும் முதல் காலுறைக்கு ஆகாது. ராத்திரி விளக்கில் கண்ணியே தெரியாது. வெளிர் நிறத்தில் ஒரே வண்ணம் எடுங்கள்.

5. நூல் உருண்டையாக இல்லாமல் சிட்டமாக வந்தால் அப்படியே பின்ன ஆரம்பிக்காதீர்கள். இரண்டு நாற்காலிகளை முதுகோடு முதுகாக வைத்து, சிட்டத்தை அவற்றில் மாட்டி, உருண்டையாகச் சுற்றிக்கொள்ளுங்கள். சுற்றும்போது நூலை இழுத்துப் பிடிக்க வேண்டாம். இழுவையிலேயே கிடந்த நூலில் பின்னினால் முதல் துவைப்பில் காலுறை சுருங்கும்.

6. ஊசியின் எண்ணை நம்பாதீர்கள், மில்லிமீட்டரைப் பாருங்கள். நம் கடைகளில் இன்னும் பழைய பிரிட்டிஷ் எண்கள் புழங்குகின்றன. அதில் எண் ஏற ஏற ஊசி மெலியும். 10-ஆம் எண் என்றால் 3.25 மி.மீ. அமெரிக்கக் கணக்கு நேர்மாறு. அங்கே 10 என்றால் 6 மி.மீ. அமெரிக்கப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு உள்ளூர்க் கடையில் எண்ணை மட்டும் சொன்னால் என்ன கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். டிகே நூலில் காலுறைக்கு 3.25 மி.மீ. சரியாக வரும். கொஞ்சம் இறுக்கமாகப் பின்னிய காலுறைதான் நெடுநாள் உழைக்கும் என்பதால், அதே நூலில் ஸ்வெட்டருக்கு எடுப்பதைவிட மெல்லிய ஊசி இது. ஊசி வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்றும் இல்லை. 'போனி' என்ற பெயரில் உலகமெங்கும் போன பின்னல் ஊசிகள் நம் நீலகிரியின் கேத்தியில் செய்யப்பட்டவை.

7. காலுறையைத் தையல் இல்லாமல் குழாயாகப் பின்ன இரண்டு வழி உண்டு. ஒன்று, இருபக்கமும் கூர்முனை உள்ள ஐந்து குட்டை ஊசிகள்: நான்கில் கண்ணிகள் இருக்கும், ஐந்தாவதால் பின்னுவோம். மற்றொன்று, நடுவில் நீளக் கேபிள் உள்ள வட்ட ஊசி: 80 செ.மீ. அல்லது அதற்கு மேல் நீளம் உள்ளதை வாங்கி, கேபிளை நடுவில் வெளியே இழுத்து, கண்ணிகளை இரு பாதியாக வைத்துப் பின்னுவது. வட்ட ஊசியில் கண்ணி நழுவாது, பையில் திணித்து எடுத்துப் போகலாம். ஆனாலும் முதல் முறை கற்க ஐந்து ஊசிதான் நல்லது என்பேன். எந்த ஊசி பாதத்தின் மேல்பக்கம், எது அடிப்பக்கம் என்பது பார்த்த உடனே புரியும். மூங்கில் ஊசியாக வாங்குங்கள். உலோக ஊசியில் கண்ணி வழுக்கி ஓடும். வியர்க்கும் கைக்கும் மூங்கில்தான் பிடிமானம்.

8. காலை அளந்துகொள்ளுங்கள். மூன்று அளவு போதும்: விரல்களுக்குக் கீழே பாதம் அகலமாக இருக்கும் இடத்தின் சுற்றளவு, குதிகாலிலிருந்து நீள விரலின் நுனி வரை நீளம், கணுக்காலுக்கு மேல் எவ்வளவு உயரம் வேண்டும் என்பது. ஆள் நின்றுகொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். உட்கார்ந்தால் பாதம் சுருங்கிக் காட்டும். வெளியூரில் இருப்பவருக்குப் பின்னுகிறீர்கள் என்றால், செருப்பு நம்பரை வாங்கி ஊகிக்காதீர்கள். ஒரு தாளின் மேல் நின்று பாதத்தை வரைந்து, இன்ச் டேப் சுற்றளவையும் எழுதி, போனில் அனுப்பச் சொல்லுங்கள்.

9. அளந்த சுற்றளவுக்கே பின்னக் கூடாது. பத்தில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ள வேண்டும். காலுறை விரிந்து பிடித்தால்தான் சுருக்கம் விழாமல் நிற்கும். பாதச் சுற்று 22 செ.மீ. என்றால் காலுறைக்கு 20 செ.மீ. கணக்கு.

10. அடுத்து, ஒரு மாதிரித் துண்டு. எல்லோரும் தவிர்க்கப் பார்க்கும் வேலை இது; தவிர்த்தால் மொத்தக் காலுறையையும் பிரிக்க நேரும். எடுத்த நூலில், எடுத்த ஊசியில் சின்னக் குழாய் ஒன்று பின்னி, நனைத்து உலர்த்தி, 10 செ.மீ. அகலத்தில் எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். தட்டையாகப் பின்னிய துண்டை அளந்தால் கணக்கு ஏமாற்றும், ஏனென்றால் பலருக்கு பர்ல் வரிசை நிட் வரிசையைவிடத் தளர்வாக வரும். 10 செ.மீட்டருக்கு 24 கண்ணி வந்தால், 20 செ.மீட்டருக்கு 48. நாலால் வகுபடும் எண்ணாக வைத்துக்கொண்டால் மேலே ரிப் போடவும் குதிகாலுக்குப் பிரிக்கவும் சுலபம். இனி வரும் கணக்கெல்லாம் இந்த 48-க்குத்தான்.

11. முழுக் காலுறைக்கு முன்னால் ஒரு பொம்மைக் காலுறை பின்னிப் பாருங்கள். 24 கண்ணி போட்டு, கீழே சொல்லும் எல்லாவற்றையும் ஏறக்குறையப் பாதியாக்கிச் செய்தால் போதும். ஓரிரு மாலைகளில் குதிகால், பக்கக் குறைப்பு, நுனி எல்லாம் ஒருமுறை கையைக் கடந்துவிடும். கெட்டுப்போனாலும் நஷ்டம் கையளவு நூல்தான். நன்றாக வந்தால் சாவிக்கொத்தில் மாட்டலாம்.

12. மேல் விளிம்பில் கண்ணியைத் தளரப் போடுங்கள். கணுக்கால் சுற்றைவிடக் குதிகாலையும் சேர்த்துச் சுற்றி அளக்கும் அளவு கூடுதல். அந்த அகலம் வழியாகத்தான் காலுறை ஏற வேண்டும். விளிம்பு இறுகினால் மற்றதெல்லாம் அழகாக வந்தும் பயனில்லை, காலில் ஏறாது. இரண்டு ஊசிகளைச் சேர்த்துப் பிடித்து அவற்றின் மேல் கண்ணி போட்டு, பிறகு ஒன்றை உருவிவிடுவது பழைய உபாயம். இருந்தாலும் கண்ணிக்குக் கண்ணி இடைவெளி விட்டுப் போடுவது அதைவிட நல்ல பலன் தரும். நாலைந்து வரிசை பின்னியதும் குதிகாலுக்கு மேல் இழுத்துப் பாருங்கள். ஏறவில்லை என்றால் அப்போதே பிரித்துவிடலாம்.

13. வட்டமாகச் சேர்க்கும்போது போட்ட கண்ணிகள் ஊசியைச் சுற்றி முறுக்கிக்கொள்ளக் கூடாது. ஊசிகளை மேசையில் பரப்பி, விளிம்பின் முடிச்சுகள் எல்லாம் உட்பக்கமே பார்க்கின்றனவா என்று சரிபார்த்த பிறகு முதல் கண்ணியைப் பின்னுங்கள். முறுக்கோடு சேர்த்துவிட்டால் பின்னால் திருத்த வழியே கிடையாது.

14. மேல் 4 அல்லது 5 செ.மீ. ரிப்: இரண்டு நிட், இரண்டு பர்ல். இதுதான் காலுறையைக் காலில் பிடித்து நிறுத்துகிறது, எலாஸ்டிக் தேவையில்லை. நிட்டிலிருந்து பர்லுக்கு மாறும்போது நூலை முன்பக்கம் கொண்டுவர மறந்தால் ஊசியில் ஒரு கண்ணி கூடிவிடும். அதனால் முதல் சில சுற்றுகளில் ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் 48 இருக்கிறதா என்று எண்ணுங்கள்.

15. ஓர் ஊசி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் ஏணிப் படி போல இடைவெளி விழும். முதல் கண்ணியை இறுக்கினால் சரியாகும் என்று நினைத்துப் பலர் நூலை அறுந்துபோகும்படி இழுப்பார்கள். இரண்டாவது கண்ணியைப் பின்னும்போது லேசாக இழுங்கள், அதுதான் பலன் தரும். அவ்வப்போது ஓரிரு கண்ணியை அடுத்த ஊசிக்கு மாற்றிக்கொண்டே போனாலும் இடைவெளி ஒரே கோட்டில் விழாது. துவைத்ததும் பாதி மறைந்துவிடும் என்பதால் ரொம்பவும் கவலைப்பட வேண்டாம்.

16. கணுக்கால் பகுதி முழுக்க நிட்தான். விளிம்பிலிருந்து மொத்தம் 15 செ.மீ. வந்ததும் நிறுத்துங்கள். இங்கே டிவி பார்த்துக்கொண்டே பின்னலாம். மணாலி, குலு பக்கம் போனால் பெண்கள் பேச்சுக்கு நடுவே காலுறை பின்னுவதைப் பார்க்கலாம். கண் பெரும்பாலும் ஊசியில் இருக்காது. நமக்கு அந்தக் கை வரும்வரை, குதிகாலுக்கு மட்டுமாவது டிவியை அணைத்துவிடலாம்.

17. குதிகால் தொடங்குவதற்கு முன் ஒரு காப்பு நூல் போட்டுவையுங்கள். வேறு நிறத் தையல் நூலைத் தையல் ஊசியில் கோத்து, ஊசிகளில் உள்ள 48 கண்ணிகள் வழியாகவும் ஓட்டிவிட வேண்டும். குதிகாலில் குழப்பம் வந்தால் தைரியமாக ஊசியை உருவி, அந்த நூல் வரை பிரித்து, கண்ணிகளை மறுபடி ஊசியில் ஏற்றலாம். இந்தச் சின்ன வேலை கொடுக்கும் நிம்மதி பெரிது.

18. குதிகாலின் பின்பட்டை. பாதிக் கண்ணிகளை, அதாவது 24-ஐ, ஓர் ஊசிக்குக் கொண்டுவாருங்கள். மற்ற 24 பாதத்தின் மேல்பக்கத்துக்கு. அவை சும்மா காத்திருக்கும். இந்த 24-ஐ மட்டும் முன்னும் பின்னுமாகத் தட்டையாகப் பின்ன வேண்டும். வெளிப்பக்க வரிசையில் ஒரு கண்ணியைப் பின்னாமல் மாற்றி, அடுத்ததை நிட் செய்து, இப்படியே மாறிமாறிக் கடைசிவரை போங்கள். உட்பக்க வரிசையில் முதல் கண்ணியைப் பின்னாமல் மாற்றி, மீதியெல்லாம் பர்ல். மாற்றும் கண்ணிகளால் அந்த இடம் இரட்டை நூல் தடிமனாகும். செருப்பும் ஷூவும் உரசுவது அங்கேதான். மொத்தம் 24 வரிசை. முடிந்ததும் இரு ஓரங்களிலும் பக்கத்துக்கு 12 பெரிய கண்ணிகள் சங்கிலியாகத் தெரியும். எண்ணிப் பாருங்கள், 12 இருந்தால் வரிசைக் கணக்கு சரி.

19. குதிகாலைத் திருப்புவது. எல்லோரும் பயப்படும் இடம் இதுதான், மொத்தமே பத்து வரிசை. வெளிப்பக்கம் உங்களைப் பார்த்திருக்க, முதல் வரிசை: ஒன்றை மாற்றி, 13 நிட், அடுத்த இரண்டைப் பின்பக்க வழியே ஒன்றாகச் சேர்த்துப் பின்னுங்கள், இன்னும் ஒரு நிட். அங்கேயே நிறுத்தித் திருப்புங்கள். இடது ஊசியில் 7 கண்ணி மீதி நிற்கும், நிற்கட்டும். இரண்டாம் வரிசை: ஒன்றை மாற்றி, 5 பர்ல், இரண்டைச் சேர்த்து பர்ல், ஒரு பர்ல், திருப்புங்கள். இந்தப் பக்கமும் 7 மீதி இருக்கும். இனிமேல் எண்ணவே வேண்டாம். திரும்பிய இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் தெரியும். முதல் கண்ணியை மாற்றிவிட்டு, பள்ளத்துக்கு ஒரு கண்ணி முன்பு வரை பின்னி, பள்ளத்தின் இரு பக்கக் கண்ணிகளையும் ஒன்றாகச் சேர்த்து, அதற்குப் பிறகு ஒன்று பின்னித் திருப்புங்கள். கடைசி இரண்டு வரிசையில் சேர்த்த பிறகு பின்ன ஒன்றும் மிஞ்சாது, அப்படியே திருப்பலாம். முடிவில் ஊசியில் 14 கண்ணி இருக்கும். துணி கிண்ணம் மாதிரி குழிந்து நிற்பதைப் பார்த்த பிறகு குதிகால் பயம் வராது.

20. பக்கக் கண்ணிகளை எடுப்பது. அந்த 14-ஐ நிட் செய்துவிட்டு, பின்பட்டையின் ஓரச் சங்கிலியிலிருந்து 12 கண்ணி எடுங்கள். பட்டையும் மேல்பக்கமும் சேரும் மூலையில் கூடுதலாக ஒன்று எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அங்கே ஓட்டை விழும். காத்திருந்த மேல்பக்க 24-ஐப் பின்னி, எதிர் மூலையில் ஒன்றும் ஓரத்தில் 12-உம் எடுத்து, குதிகாலின் 14-இல் பாதியான 7-ஐப் பின்னுங்கள். இனி சுற்று தொடங்குவது குதிகாலின் நடுவிலிருந்து. ஊசிகளில் மொத்தம் 64.

21. 64-ஐ மறுபடி 48-க்குக் கொண்டுவர வேண்டும். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றில், சுற்றுக்கு இரண்டு கண்ணி குறையுங்கள். மேல்பக்கம் வருவதற்கு மூன்று கண்ணி முன்னால் இரண்டைச் சேர்த்து நிட், பிறகு ஒரு நிட். மேல்பக்க 24-ஐத் தொட வேண்டாம். அதைத் தாண்டியதும் ஒரு நிட், இரண்டைப் பின்பக்க வழியே சேர்த்து நிட். இப்படி எட்டு முறை குறைத்தால் 48. குறைக்கும் சுற்று எது, சும்மா சுற்று எது என்பது மறந்துபோகும். குறைத்த ஒவ்வொரு முறையும் தாளில் ஒரு கோடு கிழித்துவையுங்கள்.

22. உயர்ந்த மேல்பாதம் உள்ளவர்களுக்குப் பின்பட்டையில் நான்கு வரிசை கூடுதலாகப் பின்னி, ஓரத்தில் பக்கத்துக்கு 14 எடுங்கள். கடைக் காலுறை எப்போதும் கணுக்காலின் முன்பக்கம் வெட்டுகிறது என்று குறைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். கையால் பின்னுவதன் உண்மையான லாபம் இந்த மாதிரி இடத்தில்தான் இருக்கிறது.

23. நுனியை எங்கே தொடங்குவது? பாத நீளத்தில் 5 செ.மீ. குறையும்போது. ஊகிக்காமல் காலில் மாட்டிப் பாருங்கள். சுண்டுவிரல் முழுவதும் மூடியிருந்தால் சரியான இடம். மேல்பக்கம் 24, அடிப்பக்கம் 24 என்று பிரித்து, ஒவ்வொரு பாதியிலும் முதலில் ஒரு நிட், பின்பக்க வழியே இரண்டைச் சேர்ப்பது. கடைசி மூன்றில் இரண்டைச் சேர்ப்பது, ஒரு நிட். ஒரு சுற்றுக்கு நாலு குறையும். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று, எட்டு முறை செய்தால் 16 நிற்கும்.

24. மிச்சமுள்ள 16-ஐ மூடுவதற்குக் கிச்சனர் தையல் என்று ஒன்று உண்டு. எட்டுக்கு எட்டாக எதிரெதிரே வைத்து, தையல் ஊசியால் ஒரு பின்னல் வரிசையையே தைத்து உருவாக்குவது. மேடு தட்டாமல் வழவழவென்று முடியும். முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் போர்த்துறை அமைச்சராக இருந்த கிச்சனர் பிரபுவின் பெயர் இது. அதற்கு முன் இந்தியாவில் படைத்தலைவராகவும் இருந்தவர். வீட்டுப் பெண்கள் சிப்பாய்களுக்குக் காலுறை பின்னி அனுப்பிய காலம் அது. நாள் முழுக்க நடக்கிறவனுக்கு விரல் நுனியில் ஒரு சிறு மேடு போதும், கொப்புளம் வந்துவிடும். தையலைப் பிறகு கற்றுக்கொள்ளலாம் என்றால், இன்னும் இரண்டு குறைப்புச் சுற்று போட்டு 8 கண்ணிக்குக் கொண்டுவந்து, நூலை அவற்றின் வழியே ஓட்டி, சுருக்குப் பை மாதிரி இழுத்து உள்ளே முடித்துவிடுங்கள். வீட்டில் போடும் காலுறைக்கு இது தாராளம்.

25. கண்ணி நழுவி நாலு வரிசை கீழே ஓடிவிட்டதா? பிரிக்க வேண்டாம். குரோஷா ஊசியால் அந்தக் கண்ணியைப் பிடித்து, மேலே தெரியும் ஒவ்வொரு குறுக்கு நூலையும் அதன் வழியே இழுத்து, படிப்படியாக ஏற்றிவிடலாம். வேலையை நிறுத்தும்போது ஊசி முனைகளில் ரப்பர் பேண்டைச் சுற்றிவைத்தால் நழுவவே நழுவாது. வீட்டில் குழந்தையோ பூனையோ இருந்தால் மூடி போட்ட டப்பாவே நல்லது.

26. ஒற்றைக் காலுறையோடு நிற்கும் வீடுகள் நிறைய. முதலாவது முடிந்த கையோடு, ஊசியைக் கீழே வைக்காமல், இரண்டாவதற்குக் கண்ணி போட்டுவிடுங்கள். ரிப் எத்தனை சுற்று, கணுக்கால் எத்தனை சுற்று, பாதம் எத்தனை சுற்று என்று முதலாவது பின்னும்போதே எழுதிவைத்திருந்தால்தான் இரண்டும் ஒரே நீளம் வரும். டேப்பால் அளப்பதைவிடச் சுற்றை எண்ணுவது துல்லியம்.

27. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பின்னும்போது கூடுதல் கவனம் வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு உள்ளே ஒரு முடிச்சு உறுத்தினாலும் தெரியாது, புண்ணான பிறகுதான் தெரியும். நூலை நடுவில் முடிச்சுப் போட்டு இணைக்காதீர்கள்; இரு நுனியையும் சேர்த்து நாலைந்து கண்ணி பின்னிவிட்டு, மிச்சத்தை உள்ளே தைத்து மறையுங்கள். ரிப் தளர இருக்கட்டும். வெளிர் நிறத்தில் பின்னினால் கசிவோ ரத்தமோ பட்டாலும் உடனே கண்ணில் படும்.

28. கம்பளிக் காலுறையோடு டைல்ஸ் தரையில் நடப்பது ஆபத்து. பெரியவர்களுக்குப் பரிசாகக் கொடுக்கிறீர்கள் என்றால், இதைக் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள். படுக்கையில் மட்டும் போடட்டும். எழுந்து நடக்க வேண்டும் என்றால் கழற்றட்டும், அல்லது வழுக்காத அடி உள்ள செருப்பை மேலே மாட்டட்டும். பெருவிரலைத் தனியாகப் பிரித்துப் பின்னினால் வார்ச் செருப்போடும் போட முடியும். இது புது யோசனை இல்லை. எகிப்தின் ஆக்சிரிங்கஸ் என்ற பழைய ஊரில் கிடைத்த, 1,500 ஆண்டுகளுக்கு மேல் பழமையான காலுறை ஜோடி லண்டன் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செருப்பு வாருக்கு இடம் விட்டு விரல் பிரித்தே செய்திருக்கிறார்கள். அது ஒற்றை ஊசியால் முடிச்சிட்டுச் செய்யும் வேறொரு முறை; இரண்டு ஊசிப் பின்னல் அதற்குப் பிறகு வந்தது.

29. துவைப்பது: குளிர்ந்த நீரில் கொஞ்சம் ஷாம்பு கலந்து, ஊறவைத்து, அமுக்கி அலசுங்கள். வெந்நீர், பிரஷ், கல்லில் தேய்ப்பது மூன்றும் கூடாது. கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. சூட்டிலும் தேய்ப்பிலும் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, காலுறை பாதி அளவுக்குச் சுருங்கிக் கெட்டியாகிவிடும். திரும்ப விரியாது. முறுக்கிப் பிழியாமல், துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்து, நிழலில் தட்டையாக உலர்த்துங்கள். அடர் சிவப்பு, நீலம் என்றால் முதல் தடவை தனியாக.

30. பூச்சி அரிப்பது அழுக்குக் கம்பளியைத்தான் முதலில். வியர்வையோடு அலமாரியில் வைத்துவிட்டு, வேப்பிலை போட்டேனே என்று வருந்திப் பயனில்லை. துவைத்து, முற்றிலும் உலர்த்தி, காற்றுப் புகாத பையில் வைத்தால் அடுத்த மார்கழிவரை கவலையில்லை. மழைக்காலத்தில் ஒருமுறை எடுத்து வெளிக்காற்றில் போட்டுவையுங்கள்.

31. குதிகால் மெலிந்து வெளிச்சம் தெரிய ஆரம்பித்ததுமே தைத்துவிடுங்கள், ஓட்டை விழும்வரை காத்திருக்க வேண்டாம். உள்ளே ஒரு டென்னிஸ் பந்தை வைத்து, மிச்சம் வைத்திருக்கும் நூலால் முதலில் நெடுக்காக வரிவரியாக ஓட்டி, பிறகு குறுக்கே ஒன்றின் மேலும் அடுத்ததன் கீழும் நுழைத்து வாருங்கள். பாவும் ஊடையும் போலத்தான். இழுத்துத் தைத்தால் மேடு கட்டி உறுத்தும், தளர விடுங்கள்.

32. பணம் மிச்சமாகும் என்று மட்டும் காலுறை பின்ன உட்காராதீர்கள். வில்லியம் லீ என்ற இங்கிலாந்துக்காரர் 1589-இல் காலுறை பின்னும் இயந்திரத்தைச் செய்தபோதே அந்தக் கணக்கு முடிந்துவிட்டது. நல்ல கம்பளி நூல் ஒரு ஜோடிக்கு ஆகும் விலையில் கடையில் பல ஜோடி மெஷின் காலுறை கிடைக்கும். ஆனால் உங்கள் வீட்டுக் காலின் அளவுக்கு, வெட்டாமல், நழுவாமல், கிழிந்தால் அதே நூலில் தைத்துக்கொள்ளும்படி ஒரு ஜோடி வேண்டும் என்றால், அது எந்தக் கடையிலும் இல்லை. ஐந்து ஊசியும் வெளிர் நிறத்தில் 150 கிராம் டிகே நூலும் வாங்குங்கள். இன்று சாயங்காலமே 24 கண்ணி போட்டுப் பொம்மைக் காலுறையை ஆரம்பியுங்கள்.